முதலாளிக்கு ‘காது’ எதுக்கு? சின்ன யூனிட் நடத்துறவங்க பண்ற தப்புகள்

போன வாரம் காரைக்குடில தங்கச்சி மகன் புதுசா ஆரம்பிச்ச பலகார யூனிட்டுக்குப் போயிருந்தேன். மணகோலம், சீப்புச்சீடைன்னு நல்லா ஓடுது, 12 பேர் வேலை பாக்குறாங்க. கெளம்புற நேரத்துல ஒரு அக்காவ ஓரமா கூப்ட்டு ‘யாரு லேட்டா வர்றா, யாரு போன நோண்டுறா, எனக்கு மட்டும் சொல்லுங்க’ங்கிறான். எனக்கு வயித்தப் பெசஞ்சிருச்சு, ஏன்னா இதே வேலையப் பண்ணி காசு தொலைச்சவன் நானு.

சம்பளத்த இழுத்தடிக்காதீங்க, பொய் சொல்லாதீங்கன்னெல்லாம் எழுதப் போறதில்ல. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு ஆளை ‘காது’ ஆக்குறது

நான் ஆத்தங்குடில பூக்கல்லு, அதான் தரைக்குப் போடுற பூப்போட்ட டைல்ஸ், பட்டறை போட்ட புதுசு. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு, காஞ்சதும் தண்ணித்தொட்டில ஊறப் போடுவோம். அந்த ஊறல் நாளைக் கொறைச்சா கல்லு பாக்க பளபளன்னுதான் இருக்கும், ஆனா வலு இருக்காது.

அப்ப நான் பாதி நாள் ஆர்டர் புடிக்க மதுரைக்கும் திருச்சிக்கும் அலைஞ்சிட்டு இருந்ததால பட்டறைல ஒருத்தன புடிச்சு ‘நீ எனக்கு கண்ணு காது மாதிரி’ன்னு சொல்லி வச்சேன், அவனும் தெனமும் ராத்திரி போன் போட்டு இன்னார் டீக்குப் போய் அரை மணி நேரம் ஆச்சு, இன்னார் உங்கள கஞ்சன்னு சொன்னார்னு ஒப்பிப்பான், நானும் மறுநாள் போய் அந்த ஆள மொறைப்பேன். நிர்வாகம் பண்றேன்னு நெனப்பு வேற!

ஒரு கஸ்டமர் வீட்டு ஹால், 900 சதுர அடி. போட்டு ரெண்டே மாசத்துல ஓரமெல்லாம் பேந்து வருது. மொத்தத்தையும் பேத்துட்டு என் கைக்காசுல மறுபடி போட்டுக் குடுத்தேன். விசாரிச்சா, டெலிவரிக்கு அவசரம்னு தொட்டிலேருந்து முன்னாடியே கல்ல எடுக்கச் சொன்னது அந்த ‘காது’தான்.

மத்த எட்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர் கூட வாயத் தொறக்கல. பெரியவர் ஒருத்தர்கிட்ட ஏண்ணே சொல்லலன்னு கேட்டேன். ‘அவன்கிட்ட சொன்னா ஒங்ககிட்ட சொன்ன மாதிரின்னு நீங்கதானப்பா வச்சிருந்தீங்க’ன்னுட்டு அச்சக் கழுவப் போயிட்டார். இன்னைக்கு நெனச்சாலும் எரியுது. அவன் மேல இல்ல, என் மேல.

இதத்தான் தங்கச்சி மகன்கிட்ட சொன்னேன். ‘அப்ப யாரு லேட்டுன்னு எப்படி அம்மான் தெரியும்?’ங்கிறான். காலைல எட்டு மணிக்கு வாசல்ல போய் நில்லுடான்னேன்.

‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’

சொல்லாதீங்க. நியாயமா சம்பளம் கூட்டிக் கேக்க வந்தவங்களும் கூச்சப்பட்டு திரும்பிருவாங்க.

கணக்க மூடி வைக்கிறது

அந்தக் காலத்துல நம்ம செட்டிநாட்டு ஆளுக வட்டிக்கடை நடத்த பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூணு வருசக் கணக்குக்கு ஆள் அனுப்பினாங்க. பெட்டியடியா, அதாவது கடைல எடுபிடியா, போற பையன் அடுத்தாளாகி, அப்பறம் கடையையே பாத்துக்குற மேலாளாவான். முதலாளி இங்க, பணம் கடல் தாண்டி. ஏதோ குருட்டு நம்பிக்கைன்னு நெனைக்காதீங்க, வரவு செலவு எழுதுற பேரேடு இருந்துச்சு, சொத்தும் கடனும் காட்டுற ஐந்தொகை இருந்துச்சு, சம்பளம் என்னன்னு முன்னாடியே பேசி முடிச்சிருவாங்க. அதுக்காக அந்தக் காலத்தத் தூக்கிப் புடிக்கவும் வேண்டாம், 1930கள்ல கடனுக்கு ஈடா பர்மா விவசாயிக நெலம் கைமாறி வந்த கசப்பு தனிக்கதை.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், கணக்கு எல்லார் கண்ணுலயும் படணும். ஒடைஞ்ச கல்லு எத்தனை, திரும்பி வந்தது எத்தனைன்னு இப்ப பட்டறைச் செவுத்துல ஒரு போர்டுல எழுதிடறோம். பேரு கெடையாது, எண்ணிக்கை மட்டும். என்னால ஒடைஞ்சதும் அதுலதான் வரும். மொத மாசம் போர்டுல எண்ணிக்கை ஏறுச்சு, பயந்துட்டேன். அப்பறம்தான் ஒறைச்சுது, முன்னாடி ஒடைஞ்சதெல்லாம் பின்னாடி கெணத்தடில பொதைச்சிருக்காங்க!

சபைல திட்டி, ரூமுல மன்னிப்பு

நாலு பேரு முன்னாடி திட்டினா மன்னிப்பும் அதே நாலு பேரு முன்னாடிதான். மொத தடவை எனக்கு நாக்கு பொரளல. கணக்குப்புள்ள சிரிச்சிட்டார்.

தீபாவளி போனஸ்

‘பாத்து செய்றேன்’னு சொல்லாதீங்க. தொகையச் சொல்லுங்க. முடியலன்னா முடியலன்னு ஆடி மாசமே சொல்லிருங்க, சீட்டு கட்டியாவது அவங்க சமாளிச்சுக்குவாங்க.