தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிள்ளையைத் தொட்டிலிலிருந்து பெரிய கட்டிலுக்கு மாற்றும்போது எல்லாருக்கும் வருகிற பயம் ஒன்றுதான்: விழுந்துவிடுமோ? சுற்றிவரத் தலையணை அடுக்கி, கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் இதுவரை தொட்டில் கம்பிகள்தான் பிள்ளையை ஓரிடத்தில் வைத்திருந்தன. இனி அது நினைத்த நேரம் இறங்கி நடக்கும், நடுச்சாமத்திலும்.

மட்டக்களப்பிலும் சரி, கல்முனை, திருக்கோவில் பக்கத்திலும் சரி, வளவுக்குள் கிணறு உள்ள வீடுகள் நிறைய. மாரியில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். விடியற்காலையில் அம்மம்மா பின்கதவைத் திறந்துபோட்டு முற்றம் கூட்டிக்கொண்டிருப்பா. பிள்ளை எழும்பி நடந்தது ஒருவருக்கும் தெரியாது. அதனால் கட்டிலைப் பற்றி யோசிக்க முதல் கதவைப் பாருங்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி, கிணற்றுக்கு உறுதியான மூடி. பிள்ளை படுக்கும் அறையை வெளியே பூட்டிவைப்பது மட்டும் வேண்டாம். தீ ஏதும் பிடித்தால் அந்தப் பூட்டே எமன்.

அறைக்குள் பயப்பட வேண்டியது அலுமாரிக்கு. லாச்சிகளை இழுத்துப் படிபோல ஏறினால் அப்படியே முன்னால் சாயும். சுவரோடு சேர்த்து இறுக்க ஒரு தச்சருக்கு அதிக நேரம் எடுக்காது. கட்டிலடியில் புகையும் நுளம்புத்திரி, கைக்கெட்டும் மின்விசிறி வயர், இவற்றையும் அன்றைக்கே அகற்றிவிடுங்கள்.

சுவரோடு தள்ளிய கட்டிலிலும் ஒரு ஆபத்து உண்டு. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால், உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். இடைவெளியே இல்லாமல் ஒட்டவேண்டும், இல்லையென்றால் நன்றாகத் தள்ளிப் போடவேண்டும். என்னைக் கேட்டால், முதல் சில வாரங்களுக்கு மெத்தையை நிலத்திலேயே போடுவதுதான் நல்லது. விழ உயரமே இல்லை. மாரியில் சீமெந்து நிலம் ஈரம் இழுக்கும், ஆகவே அடியில் பன்பாய் விரித்து, காலையில் மெத்தையை நிமிர்த்திக் காயவிடுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிடவேண்டும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது. மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவசரப்படுவதும் தவறுதான். மூன்று வயதுக்குக் கிட்டப் போகும்வரை தொட்டிலே போதும் என்பது என் கட்சி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு 'கட்டிலை விட்டு இறங்காதே' என்றால் விளங்காது. ஏறத் தொடங்கினால் முதலில் தொட்டிலின் அடித்தட்டைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். அதற்குப் பிறகும் விளிம்பு நெஞ்சுக்குக் கீழே நின்றால், அல்லது பிள்ளை 35 அங்குல உயரத்தைத் தொட்டால், வயது பார்க்காமல் மாற்றவேண்டியதுதான்.

அடுத்த குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமென்று பிரசவத்துக்கு முந்தின கிழமை மூத்ததை இறக்குகிறார்கள். புதிதாக வந்தது தன் இடத்தைப் பறித்துவிட்டது என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். ஒன்றரை, இரண்டு மாதம் முன்னாலேயே மாற்றுங்கள். முடியாவிட்டால் பிறந்து சில மாதம் கழித்து. பச்சைக் குழந்தை முதலில் ஏணையில் கிடக்கட்டுமே! சலம் சொல்லப் பழக்குவதையும் இதே மாதத்தில் தொடங்கவேண்டாம்.

இரவில் எழும்பி வந்தால் அதிகம் பேசாமல், ஏசாமல், கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் திரும்பப் படுக்கவையுங்கள். பத்துத் தடவை வந்தாலும் இதேதான். அம்மா இப்படிச் செய்ய, அம்மம்மா 'வா மனே' என்று தன் பாயில் படுக்கவைத்தால் ஒரு மாதத்திலும் பழகாது. எங்கள் பக்கம் பெரும்பாலும் பெண் வீட்டில்தான் குடியிருப்பு, அதனால் இதை முதலில் அவவோடுதான் பேசி முடிவுசெய்யவேண்டும்.

சில வாரம் பார்த்தும் சரிவரவில்லை, பிள்ளையும் இன்னும் ஏறிக் குதிக்கும் அளவுக்கு வளரவில்லை என்றால், தொட்டிலைத் திரும்பப் பொருத்திப் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.