ஆடையில்லாச் சிலையைக் காலடியிலிருந்து பார்க்கும் முறை

அருங்காட்சியகத்தில் ஆடையில்லாத ஓர் ஆண் சிலையின் முன்னால் வந்து நிற்பவர்களைச் சற்று நேரம் கவனித்தால், பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்வது தெரியும். சிலருடைய கண் ஓரிடத்துக்குப் போய், உடனே கூசித் திரும்பி, பெயர்ப்பலகையைப் படிக்கத் தொடங்கிவிடும். மற்றவர்கள் கூட வந்தவரை முழங்கையால் இடித்துச் சிரித்துவிட்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். நானும் வெகுகாலம் பெயர்ப்பலகைகளைப் படித்தவன்தான். கூச்சப்படாதே என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதால் கூச்சம் போவதில்லை. கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் அது தானாக விலகிவிடும். அந்த வேலையை எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் கொண்டுபோவது என்பதையே இங்கே சொல்கிறேன்.

கையில் ஒரு முழ நீளத்துக்குக் கருப்பு நூல், அதன் நுனியில் கட்ட ஒரு சாவி, ஒரு பென்சில், ஒரு சிறிய நோட்டு ஆகியவை இருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு சிலை, அதற்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கச் சிலைகளை நேரில் காண வாய்ப்பில்லாதவர்கள், நேர் முன்னாலிருந்து எடுத்த நல்ல படம் ஒன்றைக் கணினித் திரையில் பெரிதாக்கி, அதன் முன்னால் நூலைத் தொங்கவிட்டும் இதைச் செய்யலாம். மேலிருந்தோ கீழிருந்தோ சாய்த்து எடுத்த படங்கள் இதற்கு உதவாது.

முதலில் பாதங்களைப் பாருங்கள். உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி, சொல்லப்போனால் அதுவே முக்கியமான கேள்வி. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 590–580 அளவில் செய்யப்பட்ட கூரோஸ் என்னும் இளைஞன் சிலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1.95 மீட்டர் உயரமுள்ள அந்தப் பளிங்கு உருவம், கைகளைத் தொடையோடு ஒட்டி, கைமுட்டியை இறுக்கி, இடக்காலை ஓர் அடி முன்னால் வைத்து நிற்கிறது. இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்க, எடை இரண்டுக்கும் சமமாகப் பிரிந்திருக்கிறது. காலை முன்னால் வைத்தும் இடுப்பு ஒரு நூலளவுகூடச் சாயவில்லை. நாம் அப்படி நின்று பார்த்தால் அது எவ்வளவு செயற்கை என்பது புரியும். இந்த நிலையைக் கிரேக்கர்கள் எகிப்தியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எகிப்தியச் சிற்பி இடுப்பில் ஆடையை விட்டு, கால்களுக்கு இடையிலும் கல்லை விட்டுவைத்தான். கிரேக்கனோ இரண்டையும் செதுக்கி எடுத்துவிட்டான். அதன்பின் அந்த உருவம் தன் கால்களாலேயே நின்றாக வேண்டியதாயிற்று.

அடுத்து, கி.மு. 480 அளவைச் சேர்ந்த, ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள கிரிட்டியோஸ் சிறுவன் சிலையைப் பாருங்கள். இங்கே எடை இடக்காலுக்கு மாறிவிட்டது. வலக்கால் முழங்காலில் மடிந்து சும்மா இருக்கிறது. அதனால் இடப்பக்க இடுப்பு சற்றே உயர்ந்திருக்கிறது. நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் அவ்வளவுதான், ஆனால் கல் முதன்முதலாக மூச்சு விட்டது போல இருக்கும்.

இந்த மாற்றத்தின் முழு வடிவம், பாலிக்லைட்டஸ் கி.மு. 440 அளவில் வெண்கலத்தில் வார்த்த ஈட்டி ஏந்தியவன் சிலையில் இருக்கிறது. மூல வெண்கலம் தொலைந்துபோயிற்று; பாம்பேயியில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள 2.12 மீட்டர் உயரப் பளிங்குப் பிரதிதான் நமக்குப் பாடம். இதை வெறுமனே பார்ப்பதைவிட, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்ப்பது மேல். எடை முழுவதையும் வலக்காலில் போட்டு, இடக்காலைச் சற்றுப் பின்னால் தள்ளிக் குதிகாலை உயர்த்துங்கள். இடுப்பின் வலப்பக்கம் மேலே ஏறும். அதைச் சரிக்கட்ட வலத் தோள் தானாகக் கீழே இறங்கும். வலக்கை தொங்கட்டும், இடக்கையை முழங்கையில் மடித்து, தோள்மேல் ஈட்டி சார்த்தியிருப்பதுபோல வையுங்கள். வேலை செய்யும் கால் வலப்பக்கம், வேலை செய்யும் கை இடப்பக்கம். சும்மா இருக்கும் கால் இடப்பக்கம், சும்மா இருக்கும் கை வலப்பக்கம். பேருந்துக்காகக் காத்திருக்கும் எவரும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடும் நிலைதான் இது. ஆனால் வேட்டியோ கால்சட்டையோ அந்த எலும்புச் சாய்வை மறைத்துவிடுகிறது. ஆடையை நீக்கிய சிற்பி நமக்குக் காட்ட விரும்பியது இந்தச் சாய்வைத்தான் என்பது என் கணிப்பு.

இப்போது நூலை எடுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, நூல் சிலையின் தொண்டைக்குழிக்கு நேராக வரும்படி பிடித்து, கீழே எங்கே விழுகிறது என்று பாருங்கள். கூரோஸ் சிலையில் அது இரண்டு கால்களுக்கும் நடுவே விழும். ஈட்டி ஏந்தியவனில் எடை தாங்கும் வலப்பாதத்தை நோக்கி ஒதுங்கிவிடும். உயிருள்ள மாடலை வைத்து வரையும் மாணவர்கள் முதலில் கற்கும் சோதனையும் இதுதான். இந்த நூல் எடை தாங்கும் பாதத்தைவிட்டு வெகுதூரம் விலகினால், வரைந்த ஆள் தாளிலிருந்து சரிந்து விழுவார். நம் ஸ்தபதிகள் உருவத்தின் நடுவே இறக்கும் பிரம்ம சூத்திரம் என்னும் நூற்கோடும் இதே அறிவின் வேறொரு வடிவம்.

நூல் பார்த்தபின் வயிற்றுக்கு வாருங்கள். தொண்டைக்குழியில் தொடங்கி, மார்பெலும்பின் நடுவாக இறங்கி, தொப்புள் வழியாக அடிவயிறு வரை வரும் கோட்டை நோட்டில் ஒற்றைக் கோடாக வரையுங்கள். வேறு எதையும் வரைய வேண்டாம். கூரோஸில் அது நேர்க்கோடு. ஈட்டி ஏந்தியவனில் மெல்ல வளைந்து திரும்பும் பாம்புக் கோடு. அடிவயிற்றின் இருபுறமும் இடுப்பெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் மடிப்பையும் சேர்த்துக்கொண்டால், எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த மூன்று கோடுகளை வரைந்து முடிப்பதற்குள் கூச்சம் எங்கோ போயிருக்கும்.

அடுத்து, உடலைச் சேராத கல்லைத் தேடுங்கள். பளிங்குப் பிரதிகள் பலவற்றில் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டை நிற்கும். வெண்கலத்துக்கு அது தேவையில்லை. பளிங்கின் கணுக்கால் அத்தனை எடையைத் தாங்காது என்பதால் பிரதி செய்தவர்கள் சேர்த்தது அது. மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய 5.17 மீட்டர் தாவீதின் வலக்காலுக்குப் பின்னாலும் கட்டை உண்டு. ஒட்டுவேலைகளிலும் கவனமாக இருங்கள். மைரானின் வட்டெறிபவன் சிலைக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு புகழ்பெற்ற பளிங்குப் பிரதி இருக்கிறது. அதன் தலையைப் பிற்காலத்தில் தவறான திசையில் பொருத்திவிட்டார்கள். திரும்பி வட்டைப் பார்க்க வேண்டிய முகம் தரையைப் பார்க்கிறது. பாதத்திலிருந்து முறுக்கேறி வரும் உடலைத் தொடர்ந்து மேலே வந்தால், கழுத்தில் அந்த முறுக்கு திடீரென்று அறுபடுவதை உணரலாம். முகத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இந்த உடல்கள் ஏன் ஆடையின்றி நிற்கின்றன என்பதற்கு விளையாட்டுக் களத்தில் விடை இருக்கிறது. கிரேக்கர்களின் பயிற்சிக்கூடத்துக்குப் பெயர் ஜிம்னாசியன். ஆடையற்ற என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. இன்று மேலாடை, காலணி எல்லாம் அணிந்துகொண்டு ஜிம்முக்குப் போகிறவர்கள் இதை நினைத்துச் சிரிக்கலாம். கி.மு. 720 ஒலிம்பிக் ஓட்டத்தில் மெகாராவின் ஆர்சிப்போஸ் இடுப்புத் துணி நழுவியபடி ஓடி வென்றதாகப் பயணநூல் எழுதிய பௌசானியாஸ் சொல்கிறார். ஸ்பார்ட்டாக்காரர்களே முதலில் ஆடை களைந்து எண்ணெய் பூசிக்கொண்டவர்கள் என்பது வரலாற்றாசிரியர் தூசிடிடீஸின் கூற்று. வீரர்கள் ஆலிவ் எண்ணெய் பூசி, புழுதியில் புரண்டு மல்லாடிவிட்டு, வளைந்த உலோகச் சுரண்டியால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பார்கள். லிசிப்போஸ் என்னும் கிரேக்கச் சிற்பி அந்தக் கணத்தையே சிலையாக்கினார். அதன் பளிங்குப் பிரதி வத்திக்கானில் உள்ளது. ஒரு கை நேராக நம்மை நோக்கி நீண்டிருக்க, மறு கை அதன் அடிப்பக்கத்தைச் சுரண்டுகிறது. இந்தச் சிலையைச் சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கை இருப்பதே சரியாகத் தெரியாது. கையில் இப்போது இல்லாத பொருளையும் எப்போதும் தேடுங்கள். ஈட்டி போய்விட்டாலும் அதைப் பிடித்த விரல்களின் வளைவு இருக்கும்.

எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதற்கும் விடை சுருக்கமானதுதான். கிரேக்கச் சிலைகளில் குறி சிறிதாக இருப்பது சிற்பியின் குறையன்று. பெரிதாகக் காட்டுவது குடித்துக் கூத்தாடும் காட்டுத் தேவர்களான சட்டைர்களுக்கு உரியது. அடக்கமுள்ள குடிமகனுக்குச் சிறியதே அழகு என்று கருதினார்கள். மறைக்கும் பழக்கம் வெகுகாலம் கழித்து வந்தது. லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள தாவீதின் பிரதிக்கு, அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மாட்டுவதற்கென்றே அரை மீட்டர் உயர அத்தியிலை ஒன்றைச் செய்துவைத்திருந்தார்கள். அந்த இலை இன்று தனியாகக் காட்சிக்கு இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பிறந்த மேனியாக நிற்கும் ஆண் உருவம் நமக்குப் புதிதன்று. அம்மணம் என்ற சொல்லையே அமணரோடு, அதாவது சமணரோடு, தொடர்புபடுத்துவார் உண்டு. கங்க அரசின் அமைச்சரான சாமுண்டராயர் கி.பி. 981 அளவில் சிரவணபெளகொளாவில் எடுப்பித்த, சமணத் துறவி பாகுபலியின் 57 அடி உயர ஒற்றைக்கல் சிலையின் முன்னால் அதே வேலையைச் செய்து பாருங்கள். 600க்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏற வேண்டும் என்பதால், வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. காலடியில் தொடங்குங்கள், அங்கே தமிழிலும் எழுத்து இருக்கிறது. ‘சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்ற பொருள்பட, கன்னடத்தோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள்.

பாதங்கள் இரண்டும் இணையாக, எடை இரண்டிலும் சமமாக இருக்கும். நூல் நடுவே விழும். வயிற்றுக் கோடு நேராக இறங்கும். கூரோஸைப் போலத்தானே என்று தோன்றும், ஆனால் கைகளைப் பாருங்கள். கூரோஸின் கைகள் தொடையோடு ஒட்டி முட்டி இறுகியிருக்கும். இங்கே கைகள் உடலைத் தொடாமல் தொங்குகின்றன. காயோத்சர்க்கம் என்னும் இந்த நிலையின் பொருளே உடலைக் கைவிடுதல். அதனால்தான் தசைநார் எதையும் சிற்பி எடுத்துக் காட்டவில்லை. இழுத்துப் பிடிக்க அங்கே வேலை எதுவும் இல்லை. எவ்வளவு காலமாக அசையாமல் நிற்கிறார் என்பதைக் கால்களிலும் கைகளிலும் சுற்றி ஏறிய கொடியும், இருபுறமும் எழுந்த புற்றும், அதிலிருந்து தலைநீட்டும் பாம்புகளும் சொல்கின்றன. அந்தப் புற்றை இன்னொரு முறை பாருங்கள். தொடை வரை உருவத்தைத் தாங்கி நிற்பது அதுதான். அதற்கு மேல் ஆதாரமே இல்லை. பளிங்குப் பிரதிகளில் வேண்டாவெறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்ற கட்டையின் வேலையை, இங்கே கதையின் ஒரு பகுதியே செய்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு அந்தச் சிற்பிமீது கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மூன்றாவது வகை பிட்சாடனர், அதாவது பிச்சை ஏற்க வரும் சிவன். திருவெண்காட்டில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனி தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோயிலில் உற்சவ மூர்த்திகளைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும் என்பதால், செப்புத் திருமேனிகளின் முழு உடலையும் காண நமக்குப் பெரும்பாலும் அருங்காட்சியகமே கதி. இங்கும் பாதத்தில் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது பாதக்குறடு. ஆடை இல்லை, ஆனால் செருப்பு உண்டு; இடுப்பில் பாம்பு உண்டு, அணிகலன்கள் உண்டு. ஒரு கால் ஊன்றியிருக்க மற்றது மடிந்து அடுத்த அடிக்கு எழுகிறது. ஓட்டக்காரனின் நிர்வாணமும் துறவியின் நிர்வாணமும் வேறு. இது தாருகாவனத்துத் தெருவில் பிச்சைக்கு நடந்துவரும் அழகனின் நிர்வாணம். ஆகவே வயிற்றுக் கோட்டை வரைந்தால் அது மறுபடியும் வளையும்.

கழுகுமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவான் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அதே மலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சமணப் புடைப்புச் சிற்பங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாகுபலியும் அங்கே இருக்கிறார், பக்கத்தில் அவருடைய சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் நிற்கிறார்கள். உச்சிவெயிலில் புடைப்பு தட்டையாகிவிடும் என்பதால், சாய்ந்த வெளிச்சம் விழும் வேளையில் போங்கள். முதலில் பாதம், பிறகு நூல், பிறகு வயிற்றுக் கோடு, கடைசியாகக் கொடி எந்தக் காலில் முதலில் ஏறுகிறது என்று பாருங்கள். பாறையைத் தொட வேண்டாம். நூலைக் கையை நீட்டிப் பிடித்தாலே போதும்.