டிரைவர் சீட்டும் இடுப்பு வலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஸ்டாண்டில் புதிதாக டாக்சி எடுக்கும் பையன்கள் பலர், வண்டியை விட்டு இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். 25 வயதுகூட ஆகியிருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். சீட்டை முன்னே பின்னே தள்ளுவது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வலித்ததும் குஷன் வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். முதலில் மணி கோத்த சீட் விரிப்பு வாங்குவார்கள். அப்புறம் ஆன்லைனில் ஜெல் குஷன், அதற்கும் மேல் ஒரு முதுகுத் தலையணை. அத்தனை காசு போனபிறகும் வலி அப்படியே இருக்கும். சீட்டுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்கள்.

வாடகைக்கு ஓடும் வண்டியில் டிரைவர் சீட் சீக்கிரம் அமுங்கிவிடும், அதுவும் சமமாக அமுங்காது. ஏறி இறங்கும்போதெல்லாம் கதவுப் பக்கத்து விளிம்பில்தான் நம் எடை விழுகிறது. அதனால் வலது பக்க ஸ்பாஞ்சு முதலில் நைந்துபோகும். உட்கார்ந்தால் இடுப்பு வலப்பக்கம் இறங்கும், தலை நேராக நிற்க முதுகெலும்பு வளைந்துகொடுக்கும். அப்படியே சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கிலோமீட்டர் ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? பள்ளத்தின் மேல் பாய் விரித்தால் பள்ளம் தூர்ந்துவிடுமா? மேலே போடும் குஷனும் அதே சரிவில்தான் கிடக்கும்.

தடிமனான குஷனில் ஆபத்தும் இருக்கிறது. ஆள் உயர்ந்துவிடுவதால் குதிகால் தரையில் ஊன்றாது. மோதினால் குஷன் அமுங்கி உடல் முன்னே நழுவும், இடுப்பெலும்பில் படிய வேண்டிய சீட் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடலாம். அப்போது அந்த இறுக்கம் முழுவதும் குடலின் மேல் விழும்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி, "அண்ணே, டிஸ்க் விலகிடுச்சுபோல" என்று பயந்துபோய் வந்தான். சீட்டில் மூன்று அடுக்கு போட்டிருந்தான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளங்கையால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் கையைத் திருப்பித் தள்ளியது. வலது பக்கம் இரும்புக் கம்பியே தட்டுப்பட்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் குஷன் வேலை செய்பவரிடம் கூட்டிப்போனேன். அடி ஸ்பாஞ்சை மாற்றி, அறுந்துகிடந்த ஸ்பிரிங்கையும் கட்டிக் கொடுத்தார். அந்த மூன்று அடுக்குக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது. வலி ஒரே நாளில் போகவில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் குறைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்ட வயர். விஷயம் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும், அதுவும் பேட்டரியைக் கழற்றிய பிறகு. சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அந்த ஓரத்தை மூடும் சீட் கவர் போடாதீர்கள்.

வண்டி ஓனருடையது என்றால் ஸ்பாஞ்சு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அதுவரைக்கும் பள்ளமான பக்கத்தில் மட்டும், கவருக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துச் சமப்படுத்தலாம்.

பின்பாக்கெட்டில் பர்ஸ்

எடுத்து வெளியே வையுங்கள்.

படுத்த மாதிரி ஓட்டுவது

சாய்மானம் 100 முதல் 110 டிகிரி போதும். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் பட வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக முன்னாலும் போகாதீர்கள். மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும். ஷிஃப்ட் மாறும் வண்டி என்றால் சாவி போடும் முன் இதைச் சரிசெய்துவிடுங்கள்.

இறங்காமலே ஓட்டுவது

5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இடுப்பு அவ்வளவு நேரம் தாங்காது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். திருச்சி போகிறவர்களுக்குத் திண்டிவனத்தில் ஒன்று, உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒன்று என்றால் சரியாக இருக்கும்.

கால் மரத்துப்போவதை விட்டுவிடுவது

வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ சீட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.