குழந்தைகளின் ஆடிஷன் போட்டோ: விழுந்த பல்லை ஒட்ட வைக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று வளர்வதால் போட்டோவைச் சென்னைக்கும் அனுப்பலாம், கொச்சிக்கும் அனுப்பலாம். பொள்ளாச்சிப் பக்கம் எங்காவது ஷூட்டிங் நடந்தால் போதும், "எங்க பாப்பாவுக்கும் நாலு போட்டோ எடுத்துக் குடுங்கண்ணா" என்று ஆள் வந்துவிடும். அவர்களையும், புதுசாக கேமரா வாங்கி இறங்கியிருக்கும் தம்பிகளையும் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணின கூத்தை ஒன்று விடாமல் திரும்பப் பண்ணுகிறார்கள். ஃபோகஸ் போனது, வெளிச்சம் பத்தாதது எல்லாம் எடுக்க எடுக்கத் தானே சரியாகிவிடும், அதை விடுங்கள். தானே சரியாகாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

எடிட்டிங்கில் பல் கட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஆறு வயது வாக்கில் கீழ் முன்பல் விழும், அப்புறம் மேல் பல், புதுப்பல் ஒழுங்காக இறங்கி நிற்க எட்டு வயதாகிவிடும். நடிக்க வைக்கும் ஆசை பெற்றோருக்குச் சூடு பிடிப்பதும் சரியாக அந்த வயதில்தான். "பழைய போட்டோவிலிருந்து பல்லை எடுத்து வச்சிருங்க, அப்படியே கொஞ்சம் கலரும் ஏத்திருங்க" என்பார்கள், ஏதோ சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொல்வது மாதிரி.

வேலந்தாவளம் பக்கத்துப் பையன் ஒருவன். நல்ல கறுப்பு, களையான முகம். மேலே இரண்டு பல் இருந்த இடம் காலி, சிரித்தால் நாக்கு நுனி அந்தச் சந்து வழியாக எட்டிப் பார்க்கும். பல்லெல்லாம் வைக்க முடியாது என்று சொன்னேன், வேறொரு இடத்தில் போய் வைத்துக்கொண்டார்கள். நாலு வயசுப் பால்பல், கூடவே நிறத்தை ஏற்றி, புருவத்துக்கு மேல் இருந்த தழும்பையும் துடைத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்து ஒரு விளம்பரத்துக்குக் கொச்சியிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா லீவு போட்டு, விடியுமுன்னே பாலக்காட்டில் ரயிலேறி, பையனை இஸ்திரி கலையாமல் கூட்டிக்கொண்டு போனால், வாசலில் பேர் குறித்துக்கொண்டிருந்த பெண் போட்டோவையும் இவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "பல்லெவிடே மோனே?" என்று கேட்டிருக்கிறார். பையன் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டானாம். அவர்கள் தேடியது முறுக்கைக் கடிக்கிற பையனை! உள்ளேகூட விடவில்லை.

ரயில் காசு போனால் போகிறது. புதுப்பல் வந்த பிறகு அவனை என்னிடமே கூட்டி வந்தார்கள், கேமராவைத் தூக்கினாலே கை வாய்க்குப் போகிறது. இதை எந்த எடிட்டிங்கில் சரி பண்ணுவது?

ஆள் தேர்வு செய்கிறவருக்கு அழகான போட்டோ தேவையில்லை, போட்டோவில் இருக்கிற பிள்ளையே வாசலில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். பொக்கைவாய்ப் பிள்ளையைக் கேட்கிற கதையும் வரும், பல்லை ஒட்டி வைத்தால் அந்த வாய்ப்பும் போச்சு. நிறமும் அப்படித்தான். அப்பா அம்மாவாக நடிப்பவர்களோடு ஜாடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் பிள்ளையை எடுப்பார்கள், நீங்கள் நிறத்தையே மாற்றி அனுப்பினால் அவர்கள் எதை வைத்துப் பார்ப்பது? கொசுக்கடி, மூக்கடியில் காய்ந்த சளி, நேற்று விழுந்த சிராய்ப்பு, இதையெல்லாம் துடைக்கலாம். அடுத்த மாதமும் முகத்தில் இருக்கப்போகிற எதிலும் கை வைக்காதீர்கள். பல் விழுந்தால் வேறு போட்டோ எடுங்கள், முளைத்தால் இன்னொன்று. பல் மாறும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுக்கத்தான் வேண்டும்.

கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு

உள்ளங்காலில் வையுங்கள்.

கிருஷ்ணர் வேஷம், போலீஸ் வேஷம்

தடி ஆல்பம் போட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, "முதல் சம்பளத்தில் எடுத்துக்கலாம்" என்று ஒரு கணக்கு. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பேரிலேயே வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும் என்று 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன, அது உங்கள் செலவுக் கணக்கில் வராது. வேஷம் போட்ட படத்தில் முகமே தெரியாது. ஒரே நிறத்தில், எழுத்தோ பொம்மையோ இல்லாத சட்டை போதும். முகம் நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, முழு உருவம் ஒன்று, பிள்ளை தன்பாட்டுக்குச் சிரித்தது ஒன்று. "எங்களிடம் ஆல்பம் போட்டால்தான் சான்ஸ்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்னால் நின்று "சிரி, சிரி" என்பது

சொல்லச் சொல்லப் பிள்ளை பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. நான் அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவரைச் சாயா குடிக்க அனுப்பிவிடுவேன், மற்றவர் பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக, பேசாமல் உட்காரலாம். நானும் கீழே உட்கார்ந்துவிடுவேன், கேமரா பிள்ளையின் கண் உயரத்துக்கு வர வேண்டும், நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகி உடம்பு சிறுத்துவிடும். தூக்க நேரத்தையும் பசி நேரத்தையும் விட்டுவிட்டு, காலையில் திண்ணை நிழலில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்தாலே கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அது இல்லாவிட்டால் முகம் செத்துப்போயிருக்கும்.

போனில் எடுப்பது

எடுக்கலாம், ஆனால் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டாதீர்கள், மூக்கு வீங்கிவிடும். நாலடி தள்ளி நின்று ஜூமை 2 எக்ஸில் வையுங்கள். கேமரா என்றால் 85 எம்எம் லென்ஸ்.

ஆடி மாதம் வெளியில் எடுப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. முடி நிற்காது.

ஸ்கூல் யூனிஃபார்ம்

பேட்ஜில் பள்ளி பேர் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகிற படம் அது.

அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். ஃபைல் பேரிலேயே பிள்ளையின் பேர், வயது, உயரம், பேசுகிற மொழிகள் இருக்கட்டும், வீட்டு முகவரி வேண்டாம். உயரத்தை அன்றைக்கே சுவரில் நிறுத்தி அளந்து எழுதுங்கள், போன ஓணத்துக்கு அளந்தது இப்போது செல்லாது.