கிளப் மினிட் புக்கில் தீர்மானம் எழுதுவது எப்படி? (பேங்க் திருப்பி அனுப்பிய கதையோடு)

போன வருடம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஷட்டில் கிளப்புக்கு என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். பேங்க் கணக்கில் கையெழுத்து மாற்றப் போனால், தீர்மானம் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்கள் அப்படி அலையவேண்டாம். பைலாவை, அதாவது கிளப்பின் விதிமுறைகளை, படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. மினிட் புக்குக்கு, அதாவது கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்க, பக்க எண் போட்ட, தைத்த நோட்டு வாங்குங்கள். லாங் பஜாரில் கிடைக்கும். ஸ்பைரல் நோட்டு வேண்டவே வேண்டாம், தாளைக் கிழித்தால் தெரியாது.

2. பைலாவில் சொன்ன நாட்களுக்கு முன்பே அஜெண்டாவோடு நோட்டீஸ். வாட்ஸப்பில் போட்டாலும் நோட்டீஸ் புக்கில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

3. கூட்டம் தொடங்கியதும் வருகைக் கையெழுத்து. டீ வந்த பிறகு கேட்டால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். அப்புறம் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இருந்ததா என்று யார் சொல்வது?

4. தீர்மானம். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். முதல் தடவை "பொருளாளர் மாற்றம் ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதியிருந்தோம். யார் போனார், யார் வந்தார் என்றே இல்லை. இரண்டாம் தடவை பெயர் போட்டோம், யார் யார் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்பதை விட்டுவிட்டோம். மூன்றாவதாக எழுதியது இது:

"தீர்மானம் 4: இன்றுமுதல் திரு. ___ அவர்களுக்குப் பதிலாகத் திரு. ___ பொருளாளர். ___ எண் கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்கலாம். முன்மொழிந்தவர் ___, வழிமொழிந்தவர் ___."

நகலில் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்கள். வேலை முடிந்தது. பிழை வந்தால் ஒயிட்னர் தடவாதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள்.

5. பதிவான சங்கமென்றால் நிர்வாகிகள் மாறியதைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கமிட்டியில் 3 பேராவது இருக்கவேண்டும், பதவிக்காலம் 3 வருடத்தைத் தாண்டக்கூடாது. "அவரே இருக்கட்டும், நல்ல மனுஷன்" என்று பத்து வருடம் தேர்தலே வைக்காமல் ஓட்டும் கிளப்புகள் கவனிக்க.

பின்சேர்க்கை: லைட் போடும் வேலையைத் தலைவரின் மைத்துனருக்கே கொடுக்கலாமா என்று ஆற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எங்களுக்கும் இதே சிக்கல் வந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். பேச்சு முடியும்வரை தலைவர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அதையும் மினிட்ஸில் எழுதினோம். மைத்துனர் விலைதான் குறைவு, வேலை அவருக்கே போனது. யாரும் வாய் திறக்கவில்லை.