உப்புநீர் மீன் தொட்டிக்குக் கண்ட்ரோலர் தேவையா? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கடல் மீன் தொட்டி கொஞ்சம் நிலைபெற்று, க்ளவுன் மீன்கள் பயமில்லாமல் சுற்ற ஆரம்பித்ததும் அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை கண்ட்ரோலர், அதாவது தண்ணீரை அளந்து கருவிகளைத் தானே ஓட்டி நிறுத்தும் பெட்டி. நெப்டியூன் ஏபெக்ஸ், ஜி.எச்.எல். ப்ரோஃபிலக்ஸ், ஹைட்ராஸ் என்று வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை, பி.எச்., உப்பின் அளவு எல்லாம் போனில் கிராஃபாக ஓடும். பார்க்க அழகுதான். ஆனால் அமெரிக்காவிலேயே பல நூறு டாலர் விலை. இங்கே வந்து சேரும்போது வரி, கூரியர் என்று ஏறிவிடும். அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன் நான் எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னையில். தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து சுமார் 200 லிட்டர். ஊட்டிக்காரர்களுக்குச் சில்லருக்கு (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) பதில் ஹீட்டர்தான் தேவைப்படும். சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி, ஸ்கிம்மர் கழிவை நுரையாக்கி எடுப்பது, ரிட்டர்ன் பம்ப் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தொட்டிக்கு அனுப்புவது; இதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை.

படி 1: ஒரு தாளில் மூன்று பத்தி

முதல் பத்தியில் தொட்டியில் ஓடும் ஒவ்வொரு கருவியின் பெயர். இரண்டாவதில், அது நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் ஆபத்து. மூன்றாவதில், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்.

இரண்டாவது பத்தியை எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. லைட் ஒரு நாள் அணையாமல் எரிந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்கிம்மர் ஒரு நாள் நின்றாலும் சமாளிக்கலாம். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் ஏ.டி.ஓ. பம்ப் அப்படியில்லை. அது நிற்காமல் ஓடினால் சம்ப்பில் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 200 லிட்டர் தொட்டியில் உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறது, பக்கத்தில் 20 லிட்டர் கேன் நிறைய ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேன் மொத்தமும் உள்ளே போனால் உப்பு 31.8க்கு இறங்கிவிடும். மீன் பிழைத்துக்கொள்ளலாம், இறால், நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் திண்டாடும். அதே இடத்தில் 6 லிட்டர் கேன் இருந்தால் 34 வரைதான் இறங்கும். இந்தப் பிரச்சினைக்குக் கண்ட்ரோலரே வேண்டாம், சின்ன கேன் போதும்!

இந்த மாதிரி விடைகள் கிடைப்பதற்குத்தான் தாளில் எழுதச் சொல்கிறேன்.

படி 2: தனித்தனிக் கருவியால் தீருவதை முதலில் தீர்த்துவிடுங்கள்

லைட்டுக்கு டைமர். ஏ.டி.ஓ.வுக்கு இரண்டு சென்சார் உள்ள தனி யூனிட். என் ஓட்டு ட்யூன்சே ஆஸ்மோலேட்டருக்கு. ஒளி சென்சார் ஏமாந்தால் மேலே மிதவை சென்சார் ஒன்று இருக்கிறது, பம்ப்பும் ஓயாமல் ஓட முடியாது. ஒரே ஒரு மிதவை சுவிட்ச் உள்ள மலிவு யூனிட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏ.டி.ஓ. தண்ணீரில் கால்க்வாசர் (சுண்ணாம்புக் கரைசல்) கலப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பம்ப் சிக்கிக்கொண்டால் உப்பு இறங்குவது ஒரு பக்கம் இருக்க, பி.எச். எகிறிவிடும்.

வெப்பநிலைக்குத் தனி தெர்மோஸ்டாட். ஆயிரம் ரூபாய்க்குள் எஸ்.டி.சி.-1000 கிடைக்கும்; ஒயரிங் நாமே செய்து ஒரு டப்பாவுக்குள் வைக்க வேண்டும். ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இங்க்பேர்ட் ஐ.டி.சி.-308 வாங்கிவிடுங்கள். பிளக் போட்டால் வேலை முடிந்தது. தண்ணீரில் விடும் ப்ரோப்பின் (சென்சார்) முனை உலோகமாக இருந்தால் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உப்புத் தண்ணீரில் நாளடைவில் துருப்பிடிக்கும்.

படி 3: சில்லரை இரட்டைக் காவலில் வையுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். கண்ட்ரோலர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும்.

சென்னை வெயிலில் அறை 32, 33 டிகிரி இருக்கும். பம்ப்பும் லைட்டும் வேறு தண்ணீரைச் சூடாக்கும். தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் குளிராதா என்று கேட்பார்கள். ஃபேன் குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். நம் கடலோரப் புழுக்கத்தில் அது பாதி வேலைதான் செய்யும். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கலாம். ஆகவே இங்கே சில்லர்தான் உயிர்.

சில்லருக்குள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே இன்னொன்று போடும்போது பெரும்பாலோர் இரண்டையும் 26 டிகிரியில் வைத்துவிடுவார்கள். வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி போடும். ஒன்று ஓடச் சொல்லும்போது மற்றது நிறுத்தியிருக்கும், கம்ப்ரெசர் அடிக்கடி நின்று நின்று கிளம்பும். வெளித் தெர்மோஸ்டாட்டை 26லும் உள்ளதை 24.5லும் வையுங்கள். தினசரி வேலையை வெளியே இருப்பது பார்க்கும். உள்ளே இருப்பது அடிமட்டக் காவல்.

அந்தக் காவல் எப்போது தேவைப்படும்? வெளித் தெர்மோஸ்டாட்டின் ரிலே (உள்ளே இருக்கும் மின் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் சில்லர் நிற்கவே நிற்காது. இன்னொன்று, ரிலேயை விட அடிக்கடி நடப்பது: கண்ணாடி துடைக்கும்போது கை பட்டு ப்ரோப் தண்ணீருக்கு வெளியே தொங்கும். அது அறையின் 32 டிகிரியை அளந்துகொண்டு, தண்ணீர் கொதிக்கிறது என்று நம்பி சில்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ட்ரோலரும் இதில் ஏமாறும். சில்லரின் சொந்த சென்சார் அதற்குள் ஓடும் தண்ணீரை அளப்பதால் 24.5 வந்ததும் நிறுத்திவிடும்.

எஸ்.டி.சி.-1000இல் எஃப்1 என்பது நமக்கு வேண்டிய வெப்பநிலை. அதில் 26. எஃப்2 இடைவெளி, அதில் 0.5. அதாவது 26.5 ஆனால் சில்லர் ஓடும், 26க்கு வந்தால் நிற்கும். இடைவெளியை 0.3 என்று இறுக்கினால் தண்ணீருக்கு ஒரு லாபமும் இல்லை, கம்ப்ரெசருக்குத்தான் கேடு. எஃப்3 கம்ப்ரெசர் ஓய்வு நேரம். 5 நிமிடம் வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் சில்லரைக் காப்பாற்றுவது இந்த எண்தான். எஃப்4இல் நம்பகமான தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்யலாம்.

வைத்தாயிற்றா? ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் எடுத்து ப்ரோப்பை அதில் விடுங்கள். சில்லர் நிற்க வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். ஓய்வு நேரம் கழிந்ததும் கம்ப்ரெசர் உறுமுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

படி 4: கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். அந்த நேரத்தில் கண்ட்ரோலரும் செத்துத்தான் கிடக்கும். ஓட்டம் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் குறையும். எனவே முதல் செலவு இன்வெர்ட்டர், அல்லது குறைந்தது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். வீட்டு இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பும் வேவ்மேக்கரும் (தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்ப்) ஓடும். சில்லரை அதில் போடாதீர்கள். கம்ப்ரெசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. 24 வோல்ட் டி.சி. பம்ப் என்றால் பல மாடல்களில் பேட்டரியை நேரடியாகவே இணைக்கலாம். அடுத்த பம்ப் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: வைஃபை ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ரௌட்டர் அணைந்தால் எந்தக் கண்ட்ரோலரும் உங்களுக்குச் செய்தி அனுப்பாது. கண்ட்ரோலர் ஆஃப்லைன் போனதையே ஒரு எச்சரிக்கையாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

படி 5: மிச்சம் என்ன?

இப்போது தாளை மறுபடி எடுத்து, தீர்ந்தவற்றை அடித்துவிடுங்கள். ஒரு வரியோ இரண்டு வரியோதான் மிஞ்சியது என்றால் கண்ட்ரோலர் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ரிட்டர்ன் பம்ப் கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள். இதுதான் என் கட்சி.

கண்ட்ரோலர் நிஜமாகவே கைகொடுக்கும் இடம் வேறு. ஒரு கருவியின் நிலையைப் பார்த்து இன்னொரு கருவி முடிவெடுக்க வேண்டும் என்றால் தனித்தனி யூனிட்களால் முடியாது. சம்ப்பில் தண்ணீர் மட்டம் ஏறினால் ஸ்கிம்மரை நிறுத்து, தரையில் ஈரம் பட்டால் ஏ.டி.ஓ.வை நிறுத்திவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பு, பி.எச். 8.4ஐத் தாண்டினால் டோசிங் பம்ப்பை (கரைசல்களை அளந்து விடும் பம்ப்) நிறுத்து, இப்படி. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குப் போனில் சொல்லித்தான் எல்லாம் நடக்கிறது என்பவர்களும் தாராளமாக வாங்கலாம்.

அல்கலினிட்டி (காரத்தன்மை), கால்சியத்தைத் தானே அளக்கும் ட்ரைடென்ட் போன்ற இணைப்புகள் கல் பவளங்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்கானவை. மீனும் பாறையும் மட்டும் உள்ள தொட்டிக்கு அதற்கு வேலையே இல்லை. (நம் கடலில் எடுக்கும் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ‘லோக்கல் கோரல், விலை கம்மி’ என்று யாராவது நீட்டினால் கையே வைக்காதீர்கள்.)

எலக்ட்ரானிக்ஸ் கைவந்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் ரீஃப்-பை இருக்கிறது. இலவச மென்பொருள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் திறந்த ரிலே போர்டில் 230 வோல்ட்டை உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பது விளையாட்டு இல்லை. மூடிய டப்பா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒயரில் தண்ணீர் சொட்டிக் கீழே விழ ஒரு தொங்கல் வளைவு, இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

படி 6: வாங்குவது என்று முடிவானால்

பவர் ஸ்ட்ரிப் 230 வோல்ட்டுக்கானதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க உறவினர் கொண்டு வந்து தருகிறேன் என்றால் வருவது 120 வோல்ட் ஸ்ட்ரிப்பாக இருக்கும்.

ப்ரோப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பி.எச். ப்ரோப் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியது. நடுவில் 7, 10 கரைசல்களில் காலிபரேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்யாவிட்டால் போனில் தெரிவது வெறும் கோடு.

அப்புறம் ஃபால்பேக். ஏபெக்ஸில் ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் இந்த வரி உண்டு. மூளைப் பகுதிக்கும் பவர் ஸ்ட்ரிப்புக்கும் தொடர்பு அறுந்தால் அந்த அவுட்லெட் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர் இரண்டும் ஓட வேண்டும். ஹீட்டர், டோசிங், ஏ.டி.ஓ. மூன்றும் நிற்க வேண்டும். சில்லர் ஓடலாம், ஏனென்றால் படி 3இல் அதன் சொந்தக் காவலை வைத்துவிட்டோம். நீங்களே ரிலே கட்டுபவர் என்றால் பம்ப்பை என்.சி. முனையிலும் (ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது இணைந்திருப்பது) ஹீட்டரையும் டோசிங்கையும் என்.ஓ. முனையிலும் (அப்போது துண்டித்திருப்பது) இணைத்தால் இதே பலன் கிடைக்கும். இணைத்த பிறகு கண்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: ஏபெக்ஸ் வாங்கிய ஒரு வாசகர், இரவில் பி.எச். 7.8க்குப் போகிறது, எதை ஊற்றுவது என்று கேட்டிருந்தார். ஒன்றும் ஊற்ற வேண்டாம். தொட்டி ஏ.சி. போட்ட படுக்கையறையில் இருக்கிறது. மூடிய அறையில் நாம் விடும் மூச்சின் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரில் கரைகிறது. கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு கிராஃபைப் பாருங்கள் என்றேன். ஏறிவிட்டது. கண்ட்ரோலர் வந்த புதிதில் இப்படிக் கோட்டைத் துரத்த ஆரம்பிப்பது நிறைய பேருக்கு நடக்கிறது.

பின்சேர்க்கை 2: நான் எழுதாமல் விட்டதை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். கண்ட்ரோலரில் தீனி நேர பட்டன் இருக்கும். அழுத்தினால் ரிட்டர்ன் பம்ப் கொஞ்ச நேரம் நிற்கும். பல வீடுகளில் சில்லருக்குத் தண்ணீர் போவதே ரிட்டர்ன் பம்ப் வழியாகத்தான். தண்ணீர் ஓடாமல் சில்லர் மட்டும் ஓடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து குழாய் கெடும். ஆகவே அந்த பட்டனில் சில்லரையும் சேர்த்து நிறுத்துங்கள். சில்லருக்குத் தனியாகச் சின்ன பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பின்சேர்க்கை 3: மிதவை சுவிட்சில் நத்தை ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுவிட்சைச் சுற்றித் துளையிட்ட பி.வி.சி. துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஒளி சென்சாராக இருந்தால் அதன் முனையில் பாசி படியும். தண்ணீர் மாற்றும் நாளில் விரலால் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும்.