எலும்பா, பல்லா, எந்த விலங்கு? கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பார்ப்பது எப்படி

எக்ஸ்ஆர்எஃப் கருவி பொருளின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அதிலிருந்து வரும் கதிர்களை வைத்து என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவடு தனிமங்களை, அதாவது மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமங்களை, மட்டும் வைத்து "இது புள்ளிமான்" என்று பெயர் சொல்ல முடியாது, அதற்குப் பல்லின் வடிவமோ டிஎன்ஏவோ வேண்டும். இது எலும்புதானா, கடல் விலங்கா நில விலங்கா, தழை தின்றதா கறி தின்றதா என்று வட்டத்தைச் சுருக்கலாம். பொருளை உடைக்காமல் இவ்வளவு தெரிவதே பெரிய விஷயம்.

பழக, கறிக்கடையில் ஓர் ஆட்டுத் தாடை, மீன் சந்தையில் ஒரு வஞ்சிரத் தலை, கூடவே ஒரு சிப்பி ஓடு வாங்கிக்கொள்ளுங்கள். வேகவைத்து, சதையை எடுத்து, பிரஷால் தேய்த்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து கால்சியம், பாஸ்பரஸ். எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட் என்பதால் எடைக் கணக்கில் கால்சியம் பாஸ்பரஸைப் போல ஏறத்தாழ 2.15 மடங்கு இருக்கும். சிப்பி ஓட்டில் பாஸ்பரஸ் இருக்கவே இருக்காது என்று சொல்லலாம். இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். ஆட்டுக் கடைவாய்ப்பல்லின் வளைந்த பக்கத்தை வைத்து அளந்தால் விகிதம் 3, 4 என்று ஏறிக்கொண்டே போனது, கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் காற்று. பாஸ்பரஸின் எக்ஸ் கதிர் வெறும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பல்லுக்கும் கருவியின் ஜன்னலுக்கும் (கதிர் போய்வரும் திறப்பு) நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே காற்று அதில் நல்ல பங்கை விழுங்கிவிடும், 3.7-இல் வரும் கால்சியம் பெரிதாகக் குறையாது. ஆகவே தட்டையான இடத்தைத் தேடி ஜன்னலோடு ஒட்டி வையுங்கள். வசதி இருந்தால் அந்த இடைவெளியில் காற்றுக்குப் பதில் ஹீலியம் விடுங்கள்.

சரி, இப்போது ஸ்ட்ரான்சியம். அது கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரும். ஆனால் குடல் கால்சியத்தையே அதிகம் எடுக்கும், சிறுநீரகமும் ஸ்ட்ரான்சியத்தைக் கழித்துவிடும். அதனால் செடியைவிட ஆட்டின் எலும்பிலும், ஆட்டைவிட அதைத் தின்ற சிறுத்தையின் எலும்பிலும் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சியம் குறையும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் உண்டு, ஆற்றுநீரில் பொதுவாக அதில் நூறில் ஒரு பங்குதான், அதனால் வஞ்சிரம் தனியாகத் தெரியும். மண்ணுக்கு மண் அளவு மாறுவதால் அதே வட்டாரத்து விலங்குகளோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

கருவியில் மண்ணை அளக்க வைத்திருக்கும் 'மண்' முறையில் வரும் எண்களை நான் நம்புவதே இல்லை, அலைமாலையை (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் வரைபடம்) திறந்து சிகரங்களைக் கண்ணால் பார்ப்பேன். சரிபார்க்க, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி அளவு உறுதிசெய்து தரும் 1486 எண் எலும்புத்தூள் போதும், அதில் ஸ்ட்ரான்சியம் கிலோவுக்கு 264 மில்லிகிராம். ஸ்ட்ரான்சியத்தைப் போலவே பார்க்கப்படும் பேரியத்தின் 4.47 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சிகரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மண் ஒட்டியிருந்தால் டைட்டானியம் 4.51-இல் அதன் மேலேயே விழும்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வெளுத்த எலும்பை அளந்துவிட்டு, கால்சியம் ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தார். பாஸ்பரஸின் கதிர் எலும்பின் மயிரிழையைவிட மெல்லிய மேல்தோலிலிருந்துதான் வருகிறது, அந்தத் தோலில் சுண்ணாம்பு படிந்திருந்தால் விகிதம் கெட்டுவிடும். ஓரிடத்தில் லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மண்ணில் புதைந்து கிடந்த எலும்பு என்றால் இரும்பையும் மாங்கனீசையும் முதலில் பாருங்கள், அவை ஏறியிருந்தால் ஸ்ட்ரான்சியமும் மண்ணிலிருந்து வந்திருக்கலாம், அப்போது எலும்பை விட்டுவிட்டுப் பல்லின் எனாமலுக்குப் போங்கள்.